வேகத்துக்கு விலை வெப்பம்

(இரண்டாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை மாணவன்)



முன்னுரை

கம்ப்யூட்டர் திரையில் படங்களை வரைந்து காட்டுவதற்கென்றே ஒரு தனி கார்டு உண்டு. அதுதான் கிராபிக்ஸ் கார்டு. கம்பெனி நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் அதை ஓட வைப்பதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். இதற்காக வோல்டேஜை ஏற்றுகிறார்கள். வோல்டேஜ் ஏறினால் சூடு ஏறும். அந்தச் சூட்டை அடக்க, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் லிக்விட் நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். இதற்கு உலக அளவில் போட்டிகளே நடக்கின்றன.

"நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் யாருகிட்ட இந்தக் கார்டு இருக்கு? இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022-ல் வெளிவந்த என்விடியா ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். எங்கள் வீட்டில் இரண்டு ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டு, செலவு போகக் கையில் நிற்கிற காசைக் கணக்குப் பார்த்தால் மூன்று வெள்ளாமை சேர்ந்தால்தான் ஒரு கார்டு வாங்க முடியும். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். அந்தக் கார்டை வாங்கும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நயா பைசா செலவில்லையே!

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. வரும் சிம்போசியத்தில் ஒரு பழைய கார்டில் லிக்விட் நைட்ரஜன் ஊற்றி ஓவர்கிளாக்கிங் செய்து காட்டலாமா என்று எங்கள் சீனியர் அண்ணன்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடம், ஜன்னல் சாத்தி ஏ.சி. போட்ட கம்ப்யூட்டர் லேப். "நீ என்னப்பா சொல்றே?" என்று என்னையும் கேட்டார்கள். என் பதிலைக் கணக்கோடு சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

கிளாக் என்றால் என்ன?

நாற்று நடும்போது ஒருவர் குலவை போட, மற்றவர்கள் அந்தத் தாளத்துக்குக் கை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிப்புக்குள் இருக்கும் கிளாக் அந்தத் தாளம் மாதிரி. ஒவ்வொரு தட்டுக்கும் எல்லா டிரான்சிஸ்டர்களும் ஓர் அடி முன்னே போகும். ஆர்.டி.எக்ஸ். 4090-ன் பூஸ்ட் வேகம் 2.52 கிகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு வினாடிக்கு 252 கோடி தட்டு. அந்த ஒரு சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் 7,630 கோடி. சிப்பின் பரப்பு 608 சதுர மில்லிமீட்டர். நம்ம பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுதான் பெரிசு.

தாளத்தை வேகப்படுத்தினால் என்ன ஆகும்? கை வேகம் பத்தாதவர்கள் தடுமாறுவார்கள். சிப்பிலும் அப்படித்தான். ஒரு டிரான்சிஸ்டர் அடுத்த டிரான்சிஸ்டரின் கேட் முனையில் உள்ள சிறு கொள்ளளவை மின்னேற்றம் செய்து முடிப்பதற்குள் அடுத்த தட்டு விழுந்தால் விடை தப்பாகிவிடும். திரையில் கோடு கோடாக விழும், அல்லது கம்ப்யூட்டர் நின்றே போகும். வோல்டேஜை ஏற்றினால் அதிக மின்னோட்டம் பாய்ந்து சீக்கிரம் மின்னேற்றம் ஆகும். ஏரியில் தண்ணீர் மட்டம் உயர்ந்தால் மடையில் தண்ணீர் வேகமாக வருவது போல. எனவேதான் ஓவர்கிளாக் செய்பவர்கள் வோல்டேஜில் கை வைக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் புதிதல்ல. 1998-ல் இன்டெல் நிறுவனம் செலரான் 300-ஏ என்ற மலிவான சிப்பை வெளியிட்டது. மதர்போர்டில் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. காசில்லாத மாணவர்கள் விலை உயர்ந்த சிப்பின் வேகத்தைப் பெற அது ஒரு வழியாக இருந்தது. பிறகு இது போட்டியாக மாறியது. 2022 டிசம்பரில் இன்டெல் ஐ9-13900கே பிராசஸர் ஒன்று லிக்விட் ஹீலியத்தின் உதவியால் முதன்முறையாக 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அந்தச் சிப்புக்குக் கம்பெனி சொன்ன உச்ச வேகம் 5.8 கிகாஹெர்ட்ஸ்தான்.

வோல்டேஜின் வர்க்கம்

இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்.

திறன் = மாறிலி × வோல்டேஜ்² × அதிர்வெண்

வோல்டேஜின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன இரண்டைக் கவனியுங்கள். எல்லா விஷயமும் அதில்தான் இருக்கிறது.

நம் லேபில் ஹீட்டரை வைத்து இதைச் சுலபமாகப் பார்க்கலாம். 230 வோல்ட்டில் 1,000 வாட் எடுக்கும் ஹீட்டர், 200 வோல்ட்டில் சுமார் 756 வாட்தான் எடுக்கும். 250 வோல்ட் வந்தால் சுமார் 1,180 வாட். வோல்டேஜ் ஏறியது ஒன்பது சதவீதம்கூட இல்லை. சூடு பதினெட்டு சதவீதம் ஏறிவிட்டது. ராத்திரி எல்லாரும் மோட்டாரை நிறுத்திய பிறகு வோல்டேஜ் ஏறி, எங்க ஊரில் குண்டு பல்பு பட்டென்று போவதன் ரகசியம் இதுதான்.

இப்போது கார்டுக்கு வருவோம். ஆர்.டி.எக்ஸ். 4090-க்குக் கம்பெனி குறித்த திறன் 450 வாட். மெமரி முதலிய பாகங்கள் போக, சிப்புக்கு மட்டும் 1.05 வோல்ட்டில் 350 வாட் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை 2.52-லிருந்து 3.5 கிகாஹெர்ட்ஸாக ஏற்ற 1.25 வோல்ட் தேவைப்படுகிறது என்று கொள்வோம்.

வேகத்தின் விகிதம்: 3.5 ÷ 2.52 = 1.39
வோல்டேஜ் வர்க்கத்தின் விகிதம்: (1.25 ÷ 1.05)² = 1.42
இரண்டும் பெருக்கினால்: 1.97
புதிய திறன்: 350 × 1.97 = சுமார் 690 வாட்

கிடைத்த வேகம் 39 சதவீதம். கட்டிய விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூடு. கணக்கைச் சொன்னபோது எங்கப்பா, "இது கந்துவட்டி மாதிரியில்ல இருக்கு?" என்றார். சரியான உவமை!

இந்தச் சூடு வரும் இடத்தையும் பாருங்கள். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடிப்பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். சாதாரணமாக ஓடும் சிப்பிலேயே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 57 வாட் வருகிறது. இஸ்திரிப்பெட்டியைப் போல் பதினோரு மடங்கு. ஓவர்கிளாக் செய்தால் 113 வாட். சும்மா மின்விசிறி வைத்து ஊதினால் இது அடங்குமா?

முன்னூறு ஆம்பியர் வரும் வழி

இது நம் துறைக்காரர்கள் ரசிக்க வேண்டிய பகுதி. அதே 350 வாட்டை வெவ்வேறு வோல்டேஜில் எடுத்தால் எவ்வளவு மின்னோட்டம் என்று பாருங்கள். (இடையில் வரும் இழப்பை விட்டுவிடுவோம்.)

230 வோல்ட் பிளக்கில்: சுமார் 1.5 ஆம்பியர்
12 வோல்ட் ஒயரில்: சுமார் 29 ஆம்பியர்
1.05 வோல்ட் சிப்பில்: சுமார் 333 ஆம்பியர்

நம் வெல்டிங் ஷாப்பில் 3.15 மில்லிமீட்டர் ராடு எரிக்க 90 முதல் 130 ஆம்பியர் வைப்போம். மூன்று வெல்டிங் செட்டின் மின்னோட்டம் ஒரு நாணயம் அளவு சிப்புக்குள் போகிறது என்றால் நம்பவா முடிகிறது? அதனால்தான் 12 வோல்ட்டை ஒரு வோல்ட்டாகக் குறைக்கும் சர்க்யூட்டைச் சிப்புக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். மாஸ்ஃபெட், சோக், கெபாசிட்டர் சேர்ந்த பக் கன்வெர்ட்டர் அது. ஒன்று தாங்காது என்பதால் பத்து இருபது பேஸ்களாகப் பிரித்து, ஆளுக்குக் கொஞ்சம் சுமக்கிறார்கள். நெய்வேலி மின்சாரத்தை 230 கே.வி., 400 கே.வி. என்று உயர்த்தி அனுப்பி, ஊருக்குள் டிரான்ஸ்பார்மர் வைத்துக் குறைப்பதும் இதே தத்துவம்தான். தூரம் போகும்போது வோல்டேஜ் கூடுதல், மின்னோட்டம் குறைவு. வேலை செய்யும் இடத்தில் தலைகீழ்.

12 வோல்ட் கனெக்டரிலும் பாடம் இருக்கிறது. இந்தக் கார்டில் வந்த புதிய கனெக்டர் 600 வாட் வரை தரவல்லது. 600 ÷ 12 = 50 ஆம்பியர். அது ஆறு பின்களில் பிரிந்து போகிறது, பின்னுக்கு 8.3 ஆம்பியர். 2022 அக்டோபரில் சிலரது கனெக்டர்கள் உருகிவிட்டன. பிளக்கை முழுசாக அழுத்திச் சொருகாததே பொதுவான காரணம் என்று அடுத்த மாதம் என்விடியா சொன்னது. நம்ம மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் கேரியர் கருகுவதும் பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷனால்தான். ஒன்றரை லட்ச ரூபாய் கார்டாக இருந்தாலும் சரி, ஐந்து ஹெச்.பி. மோட்டாராக இருந்தாலும் சரி, மின்னோட்ட வர்க்கம் பெருக்கல் தடை என்ற விதி யாருக்கும் சலுகை தராது.

வோல்டேஜைக் கையில் எடுப்பது

கம்பெனி சும்மா விடுவதில்லை. இவ்வளவு வோல்ட்டுக்கு மேல், இவ்வளவு வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று கார்டுக்குள்ளேயே பூட்டு போட்டுத்தான் விற்கிறது. பூட்டுக்கு உட்பட்டு சாஃப்ட்வேர் மூலம் கொஞ்சம் ஏற்றலாம். போட்டிக்காரர்களுக்கு அது போதாது. அவர்கள் சால்டரிங் அயர்னை எடுக்கிறார்கள். முக்கியமான வழிகள் இரண்டு.

1. பின்னூட்டத்தை மாற்றுவது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஐ.சி., வெளியே போகும் வோல்டேஜில் ஒரு மாதிரியை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். அந்த மாதிரியில் ஒரு பகுதியை மாறு மின்தடை வழியாகத் தரைக்கு இறக்கிவிட்டால், "வோல்டேஜ் குறையுதே" என்று நினைத்து ஐ.சி. இன்னும் ஏற்றும். மரக்காலில் ஓட்டை போட்டால் அளப்பவர் நிறையவில்லை என்று மேலும் மேலும் கொட்டுவாரே, அதே கதை.

2. ஷன்ட் வைப்பது. கார்டு எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்பதை ஒரு மிகச்சிறு மின்தடையில் விழும் வோல்டேஜை வைத்துக் கணக்கிடுகிறது. அது 5 மில்லி ஓம் என்றால், அதன் முதுகில் இன்னொரு 5 மில்லி ஓமைப் பக்க இணைப்பில் வைத்துப் பற்றவைத்தால் மொத்தம் 2.5 மில்லி ஓம். இப்போது 450 வாட் ஓடும்போது கார்டு 225 வாட் என்று நம்பும். மெஷர்மென்ட் லேபில் அம்மீட்டருக்கு ஷன்ட் போட்டு அளவை நீட்டிக்கிறோமே, அதே பாடம்தான். நாம் உண்மையை அளக்கப் போடுகிறோம், அவர்கள் கார்டை ஏமாற்றப் போடுகிறார்கள்!

இன்னொரு விஷயமும் உண்டு. சிப் திடீரென்று அதிக வேலை செய்யும்போது வோல்டேஜ் தொய்யும். லைனின் கடைசியில் இருக்கும் எங்க ஊரில், காலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லாரும் மோட்டாரைப் போட்டால் விளக்கு மங்குவது மாதிரி. அந்தத் தொய்வுக்கும் சேர்த்து முன்கூட்டியே வோல்டேஜைக் கூட்டி வைக்க வேண்டும்.

அளவு மீறினால் என்ன ஆகும்? டிரான்சிஸ்டரின் மெல்லிய ஆக்சைடு படலம் ஓட்டையாகிவிடும். உள்ளே உள்ள தாமிரக் கம்பிகளின் அணுக்களையே மின்னோட்டம் நாளடைவில் இடம் பெயர்த்துவிடும். இரண்டுக்கும் ரிப்பேர் கிடையாது. விரலுக்கேத்த வீக்கம் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது சிலிக்கானுக்கும் பொருந்தும்.

மாட்டாஸ்பத்திரி நைட்ரஜன்

லிக்விட் நைட்ரஜன் என்றதும் ஏதோ ராக்கெட் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம்மில் பாதிப் பேர் அதை அஞ்சாவது படிக்கும்போதே பார்த்தாச்சு. மாட்டாஸ்பத்திரிக்குப் பசுவை ஓட்டிப்போய் சினை ஊசி போடும்போது, ஒரு கேனின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழியும். அதுதான் லிக்விட் நைட்ரஜன். ஊட்டி, தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டை போன்ற இடங்களில் தயாராகும் உறைவிந்துக் குச்சிகள் அதில் மூழ்கித்தான் நம் ஊர் வரை வந்து சேருகின்றன. "கிட்ட வராத தம்பி, கை வெந்துடும்" என்று அங்கிருந்தவர் என்னை அதட்டியது ஞாபகம் இருக்கிறது. குளிரில் எப்படி வேகும் என்று அப்போது புரியவில்லை. மைனஸ் 196 டிகிரியில் தோலின் செல்கள் உறைந்து செத்துப்போகும், பார்க்க நெருப்புக் காயம் போலவே இருக்கும் என்பது இப்போது புரிகிறது. அந்தக் கேன் 1892-ல் ஜேம்ஸ் டீவர் என்ற விஞ்ஞானி அமைத்த வெற்றிடக் குடுவையின் வாரிசு. நம் வீட்டு பிளாஸ்க்கும் அதே வம்சம்தான்.

ஓவர்கிளாக்கிங்கில் கார்டின் விசிறியையும் ஹீட்சிங்கையும் கழற்றிவிட்டு, சிப்பின் மேல் கனமான தாமிரப் பாத்திரம் ஒன்றை இறுக்குகிறார்கள். அதில் நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். முதலில் ஊற்றும்போது அது பாத்திரத்தைத் தொடாமலே குதிக்கும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு ஓடுமே, அதே மாதிரி. துளிக்கும் கல்லுக்கும் நடுவில் ஆவிப் படலம் நிற்பதால் வரும் இந்த விளைவை 1756-ல் லைடன்ஃபிராஸ்ட் என்பவர் விவரித்தார். பாத்திரம் நன்றாகக் குளிர்ந்த பிறகே திரவம் ஒட்டிக் கொதிக்கும்.

குளிரால் என்ன லாபம்? டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டம் குறைகிறது. கம்பிகளின் தடையும் குறைகிறது. சுத்தமான தாமிரத்துக்கு அந்தக் குளிரில் தடை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். ஆகவே அதிக வோல்டேஜைக் கொஞ்ச நேரம் தாங்க முடிகிறது.

தொல்லைகளும் உண்டு. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே வேர்ப்பது போல், கார்டு முழுவதும் காற்றின் ஈரம் படிந்து உறையும். உருகினால் ஷார்ட் சர்க்யூட். அதனால் கார்டின் மேல் வாசலின் பூசி, ஃபோம் சுற்றி, டிஷ்யூ பேப்பர் வைத்து மூடுகிறார்கள். வெப்பக் கடத்திப் பசை குளிரில் விரிசல் விட்டால் தொடர்பு அறுந்து சிப் நொடியில் சூடேறும். சில சிப்கள் ஒரு அளவுக்குக் கீழே குளிர்ந்தால் வேலை செய்யவே மறுக்கும். எனவே ஒருவர் கண்ணை வெப்பமானியிலேயே வைத்து, கையில் குடுவையுடன் நிற்க வேண்டும். இவ்வளவு பாடும் சில நிமிஷ சோதனைக்காகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது சிம்போசியத்துக்கு வருகிறேன். ஒரு லிட்டர் லிக்விட் நைட்ரஜனின் எடை சுமார் 0.8 கிலோ. அது கொதித்து ஆவியாகும்போது சுமார் 160 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். சிப் 700 வாட் சூடு தந்தால்,

1,60,000 ÷ 700 = 229 வினாடி

ஒரு லிட்டர் நாலு நிமிஷம்கூட வராது. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 16 லிட்டர் வேண்டும். இரண்டு கிலோ தாமிரப் பாத்திரத்தைக் குளிர வைக்கவே முதலில் ஒரு லிட்டர் தனியாகப் போகும். அண்ணன்கள் சொல்லும் பழைய கார்டுக்கு இதில் பாதி போதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் செலவில் இல்லை. ஆவியான நைட்ரஜன் எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் சுமார் 690 லிட்டர் வாயுவாக விரிகிறது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். அங்கே 10 லிட்டர் நைட்ரஜன் ஆவியானால் சுமார் 7 கன மீட்டர் வாயு. அது காற்றை வெளியே தள்ளிவிட்டு நிற்கும். 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் சுமார் 16 சதவீதமாக இறங்கும். 16 லிட்டர் ஆவியானால் 14-க்குப் பக்கத்தில் வந்துவிடும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது தொழிற்சாலைகளில் கடைப்பிடிக்கும் அளவு. நம் லேப் இதைவிடப் பெரியதுதான். ஆனால் குளிர்ந்த வாயு கனமானது, தரையோடு தேங்கும். ஏ.சி. உள்ளே உள்ள காற்றையேதான் சுற்றிச் சுற்றி அனுப்பும். கேன் சாய்ந்து கொட்டினால் குனிந்து எடுக்கப் போகிறவர்தான் முதலில் விழுவார்.

இதில் மோசமான விஷயம், நைட்ரஜனுக்கு நிறமோ மணமோ கிடையாது. மூச்சு முட்டுகிற உணர்வே வராது. நம் உடம்பு மூச்சுத் திணறலை உணர்வது கரியமில வாயு சேர்வதை வைத்துத்தான், ஆக்சிஜன் குறைவதை வைத்து அல்ல. தலை சுற்றும், புத்தி மழுங்கும், அப்படியே சாய்ந்துவிடுவோம். தூக்கப் போகிறவரும் பக்கத்திலேயே விழுவார். 2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் கெய்ன்ஸ்வில்லில், கோழி இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் லிக்விட் நைட்ரஜன் கசிந்து ஆறு பேர் இறந்துபோனார்கள். பயிற்சியும் பாதுகாப்பும் இருக்க வேண்டிய தொழிற்சாலையிலேயே இந்த கதி. கிணறு தூர்வார இறங்கி விஷவாயு தாக்கி, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்தியை நம் பக்கத்தில் கேள்விப்படாதவர்கள் யார்?

அதனால் அண்ணன்களுக்கு என் பதில்: மூடிய லேபில் வேண்டவே வேண்டாம். செய்தே தீர வேண்டும் என்றால் திறந்த வெளியில், துறைத்தலைவர் அனுமதியோடு, தெரிந்த ஒருவர் முன்னிலையில், முகக்கவசமும் தளர்வான தோல் கையுறையும் அணிந்து செய்யுங்கள். கையுறை இறுக்கமாக இருந்தால் உள்ளே புகுந்த திரவம் வெளியே வராது. கேனை ஒருபோதும் இறுக்கி மூடக்கூடாது, ஆவி அழுத்தத்தில் வெடிக்கும். நம்மில் பலர் வீட்டுக்கு முதல் டிப்ளமோ. நம்மை நம்பி வீட்டில் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

திருச்சியில் ஓடும் 'பொருள்'

வேகம் வேண்டும், ஆனால் சில நிமிஷம் போதாது, ராப்பகலாக ஓட வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்துடன் சேர்ந்து, தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் அமைத்தது. திறன் 838 டெராஃபிளாப்ஸ். அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். அதில் சாதாரண பிராசஸர்களுடன் கிராபிக்ஸ் பிராசஸர்களும் உண்டு. படம் வரையப் பிறந்த சிப், இன்று வானிலை, மருந்து, செயற்கை நுண்ணறிவு என்று எல்லாக் கணக்கும் போடுகிறது.

அங்கே யாரும் குடுவையோடு நின்று நைட்ரஜன் ஊற்றுவதில்லை. சிப்பின் மேல் உலோகத் தகடு வைத்து, அதற்குள் திரவத்தை ஓடவிட்டு சூட்டை நேரடியாக எடுத்துச் செல்கிறார்கள். டிராக்டர் ரேடியேட்டரின் அண்ணன் என்று சொல்லலாம். இப்படிப்பட்ட பெரிய இயந்திரங்களில் வேகம் கூடுவது வோல்டேஜை ஏற்றி அல்ல, மிதமான வோல்டேஜில் ஆயிரக்கணக்கான கோர்களைச் சேர்ந்து உழைக்க வைத்து. ஒரு ஆளைச் சாட்டையால் அடித்து ஓட்டுவதற்குப் பதில் நூறு ஆளை வைத்து நிதானமாக நடவு முடிப்பது மாதிரி. 2004-ல் இன்டெல் நிறுவனம் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டு, பல கோர் பாதைக்குத் திரும்பியதும் இதே சூட்டுப் பிரச்சினையால்தான்.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் என் சித்தப்பாவும் இதையே வேறு மாதிரி சொல்வார். "சூளை எரியறது பெருசு இல்லடா, கூலர் நின்னா எல்லாம் நின்னுடும்." சுமார் 1,450 டிகிரியில் உருவாகும் கிளிங்கரைக் கூலரில் காற்றடித்து வேகமாக ஆற்றுகிறார்கள், அந்தச் சூடான காற்றை மறுபடி சூளைக்கே அனுப்புகிறார்கள். சூட்டை உண்டாக்குவது பாதி வேலை, அதைக் கொண்டுபோய் விடுவது மீதி வேலை. நாளை நம்மில் சிலருக்கு டேட்டா சென்டரில் வேலை கிடைக்கலாம். அங்கே ஜெனரேட்டர், யு.பி.எஸ்., சில்லர், பம்ப் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள டிப்ளமோக்காரர்களும் வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு சோதனை

வர்க்க விதி ஏறும்போது தண்டிக்கும். இறங்கும்போது அதுவே பரிசு தரும். அதே கார்டில் வோல்டேஜை 1.05-லிருந்து 0.95 ஆகக் குறைத்து, வேகத்தையும் 5 சதவீதம் விட்டுக்கொடுத்தால்,

(0.95 ÷ 1.05)² × 0.95 = 0.78

நூறு ரூபாய் வேகத்தில் ஐந்து ரூபாயை விட்டால், நூறு ரூபாய் கரண்டில் இருபத்திரண்டு ரூபாய் மிச்சம். இதற்கு அண்டர்வோல்டிங் என்று பெயர். சத்தம் குறையும், சூடு குறையும், ஆயுள் கூடும். சிம்போசியத்துக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். அண்டர்வோல்டிங் வசதியுள்ள சாதாரண கம்ப்யூட்டர் ஒன்று, பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று. வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் வாட்டையும் வேகத்தையும் வெப்பநிலையையும் குறித்து வரைபடம் போடுவோம். செலவு அதிகமில்லை, யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடத்தை அப்படியே போர்வெல் மோட்டாருக்குக் கொண்டுபோகாதீர்கள். தூக்க வேண்டிய தண்ணீர்ப் பாரம் மாறாததால், வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்து காயில் கருகிவிடும். சிப் ஹை வோல்டேஜில் சாகும், மோட்டார் லோ வோல்டேஜில் சாகும். சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுவதோடு, அது எந்த இயந்திரத்துக்கு என்பதையும் தெரிந்துகொள்வதுதான் படிப்பு.

முடிவுரை

"வேகமா ஓடுனா என்னப்பா கெடைக்கும்?" என்று எங்கப்பா ஒருமுறை கேட்டார். போட்டிக்காரருக்குப் பெயர் கிடைக்கும், விஞ்ஞானிக்கு விடை சீக்கிரம் கிடைக்கும் என்றேன். நமக்கு என்ன கிடைக்கும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன இரண்டு எவ்வளவு பெரியது என்ற அறிவு கிடைக்கும். அது தெரிந்தவன் வோல்டேஜைக் கூட்டும்போது யோசிப்பான், குறைக்கும்போது லாபம் பார்ப்பான், நைட்ரஜன் கேனைத் திறக்கும்முன் ஜன்னலைத் திறப்பான்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கால்குலேட்டரோடு வாருங்கள் நண்பர்களே, சேர்ந்து போட்டுப் பார்ப்போம். அனைவருக்கும் தேர்வில் வெற்றியும் நல்ல வேலையும் அமைய வாழ்த்துகள்.